சந்தியாகப்பர் ஊரில் ஒரு விடுதி

ஐரோப்பாவில் அழகிய விடுதிகளுக்குக் குறைவில்லை. எனினும் ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகரில், பேராலயச் சதுக்கத்தின் வடபுறத்தே நிற்கும் 'கத்தோலிக்க அரசர் விடுதி'யைப் போல், கட்டட அமைப்பிலேயே இரக்கம் குடியிருக்கும் இடங்கள் அரியவை.

நாம் சந்தியாகப்பர் என்று வணங்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறையை நாடி, மாதக்கணக்கில் நடந்து வந்தோர் பலர் நோயுற்றுத் தவித்தனர். 1486-இல் அங்கே சென்ற அரசி இசபெல்லாவும் அரசர் பெர்னாந்தும், 1499-இல் அவர்களுக்கென மருத்துவமனை எழுப்ப ஆணையிட்டனர். கட்டடக் கலைஞர் என்ரிக்கே எகாஸ், நோயாளர் கூடங்கள் கூடுமிடத்தில் சிற்றாலயத்தை அமைத்தார். எழுந்து நடக்க இயலாதவரும் படுக்கையில் கிடந்தவாறே திருப்பலி காணலாம்! எத்தனை நுட்பமான கருணை! காற்றும் வெளிச்சமும் தரும் முற்றங்கள் இன்று நான்கு உள்ளன; அவை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என நற்செய்தியாளர் பெயர்களையே தாங்கியுள்ளன.

1954-இல் ஸ்பெயின் அரசு இதனை உயர்தர விடுதியாக மாற்றியது. பழைய கல் வளைவுகளைச் சிதைக்காமல் காத்தமைக்கு நாம் நன்றி கூறத்தான் வேண்டும். ஆயினும் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அந்த ஏழை யாத்திரிகருக்கு இன்று அதன் அறை வாடகை எட்டாக்கனி. முதுகில் மூட்டையும் கையில் கோலுமாக வருவோர், எழில்மிகு வாயிற் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வேறு தங்குமிடம் தேடிச் செல்கின்றனர்.

பழைய கடமை அடியோடு மறக்கப்படவில்லை. விடுதியான பின்னும், முதலில் வந்துசேரும் பத்து யாத்திரிகருக்கு இலவச உணவளிக்கும் வழக்கம் தொடர்ந்தது. பெரிய உணவுக் கூடத்தில் அன்று, சமையலறையை அடுத்த சிற்றறையில்.