கடலூர் பஸ் மாதிரி!

என் மகள் என்னைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், வீறிட்டு அழுததுதான்.

பண்ருட்டியில் மாமியார் வீட்டில் பிறந்தவள். 'பிள்ளை குப்புறக் கவிழட்டும்', 'நல்லா உட்காரட்டும் மாப்ளே' என்று தள்ளித் தள்ளிப் போய், தவளக்குப்பம் வந்து சேரும்போது எட்டு மாதம் முடிந்துவிட்டது. பலாப்பழம் வாங்க வந்தவன் மாதிரி ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிற மீசைக்காரனை எந்தக் குழந்தைதான் நம்பும்?

மனைவி தூக்கினால் சிரிப்பு. அம்மா தூக்கினால் தூக்கம். நான் தூக்கினால் அழுகைக் கச்சேரி. என் பேரேட்டில் பற்று மட்டும்தான், வரவே கிடையாது! (பி.காம். படித்ததில் மிச்சம் இந்த உவமைதான்.)

இந்த லட்சணத்தில் மனைவி மறுபடி பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். "நீங்க வீட்லதானே எழுதறீங்க..." என்றாள். எழுதுகிறவன் வேலையில் இருப்பதாக யாருமே நினைப்பதில்லை, ஸார்.

ஒருநாள் அம்மா அபிஷேகப்பாக்கத்துக்கு வளைகாப்புக்குப் போய்விட்டார். நானும் மகளும் தனியே. ஆரம்பித்தாள். செல்போனில் தாலாட்டு போட்டேன், போனையே தள்ளிவிட்டாள். கிலுகிலுப்பை பறந்தது. அந்த நேரம் பார்த்து கடலூர் ரோட்டில் ஒரு பிரைவேட் பஸ், ஹாரனை ராகம் போட்டு அடித்துக்கொண்டு போனது. அழுகை சட்டென்று நின்றது. உட்கார்ந்த வாக்கிலேயே இடுப்பு மட்டும் இரண்டு குலுக்கு!

பஸ் போய்விட்டது. மறுபடி உதடு பிதுங்கியது. அடுத்த பஸ் வரும்வரை தாங்குமா? காலி பால் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, கரண்டியால் அதே தாளத்தைத் தட்டினேன். குலுங்கினாள். வேகமாகத் தட்டினேன், வேகமாகக் குலுங்கினாள். நிறுத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழாமல், முழுசாக, முதல்முறையாக. அப்புறம் இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டு!

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஆடினேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. பில்லைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்து, "அட, சப்பாணி கொட்றா பாரு!" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே சப்பாணி, 1977-ல் வந்த '16 வயதினிலே' கமல்தான். புரட்டிப் பார்த்தால், பிள்ளைத்தமிழில் நாலாவது பருவமே சப்பாணி. ஒன்பதாம் மாதக் குழந்தையைக் கை கொட்டச் சொல்லிப் பாடுவது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழனானாலும் சரி, 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மதுரை மீனாட்சியானாலும் சரி, தட்டித்தான் ஆகவேண்டும். என் மகளுக்கும் சரியாக ஒன்பதாம் மாதம்!

2010-ல் ஜென்ட்னர், ஏரோலா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 5 மாதத்திலிருந்து 2 வயது வரையுள்ள 120 குழந்தைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பேச்சைவிடத் தாளத்துக்குத்தான் குழந்தைகள் அதிகம் அசைந்தன. அசைவு தாளத்தோடு ஒத்துப்போகப் போக சிரிப்பும் கூடியதாம். ஆனால் தாளம் தப்பாமல் ஆட அந்த வயதில் வராது. எனக்கு முப்பத்தைந்திலும் வரவில்லை. அதனால் எங்களுக்குள் சண்டை இல்லை.

தலைகால் புரியாமல் ஒருநாள், ஊர்வலத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அரண்டுவிட்டாள். "பச்சைப் புள்ள காது இன்னாத்துக்குடா ஆவும்?" என்று அம்மா விட்ட டோஸில், தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வேலைக்கும் சேர்த்துத் தடை விழுந்தது. சேர்த்த வரவில் பாதி அன்றைக்குக் காலி.

நேற்று ஆறரை மணிக்கு மனைவி வந்தாள். கேட் சத்தத்துக்கே தாவுகிற மகள், டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வாடி செல்லம்!" இவள் என்னைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, ஹேண்ட்பேகைக்கூடக் கழற்றாமல் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்குள்ள என்னை மறந்துட்டாளாங்க?"

பண்ருட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எப்படித் தட்டணும்?"

"கடலூர் பஸ் மாதிரி."