ஓடுவோர்க்கு உடன்வரும் பொருள்கள்

ஓடுவதற்கு என்ன வேண்டும்? இரண்டு கால்கள் போதாவா? இவ்வாறு வினவுவோர் நம்முள் பலர். மற்றொரு சாராரோ, காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று கடைகளில் அடுக்கி வைத்துள்ள பொருள்களையெல்லாம் வாங்கி முடித்த பின்னரே ஓடத் தொடங்கலாம் என எண்ணிக் காத்திருக்கின்றனர். முன்னவர் பொருளை வேண்டாமென ஒதுக்கிக் கால் புண்பட்டு நிற்கின்றனர். பின்னவர் பொருளையே நம்பி வீட்டில் நிற்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே, சென்ற ஐந்து ஆண்டுகளாகக் காலைத் திருப்பலிக்கு முன் மெல்லோட்டம் ஓடிவரும் ஒருவன் என்ற முறையில், சில கருத்துக்களை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

என் ஐம்பத்தோராம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறினார். நம் நாட்டில் இந்நோய் உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர் என 2023-ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆகவே இது என் ஒருவனின் கதையன்று. "நடங்கள், இயன்றால் மெல்ல ஓடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்" என்றார் மருத்துவர். முதல் இரண்டும் எளியவை. மூன்றாவதே கடினம். அச்சம் நம்மை ஒரு மாதம் எழுப்பும். கடமையுணர்வு மற்றொரு மாதம் எழுப்பும். மூன்றாம் மாதம் மழை பெய்யும் ஒரு விடியற்காலையில் நம்மைப் பாயிலிருந்து எழுப்பவல்லது, நேற்று ஓடியபோது கண்ட இன்பம் ஒன்றே. எனவே ஓட்டத்தை இனிதாக்கும் பொருளை ஆடம்பரம் என்று நான் கருதுவதில்லை. நாளையும் நம்மை ஓடச் செய்வது எதுவோ, அது மருந்தின் ஒரு பகுதியே.

ஆயின் எப்பொருள் இன்பம் தரும், எப்பொருள் இன்பத்தைக் கெடுக்கும் என்று அறிவது எங்ஙனம்? அனுபவத்தில் நான் கண்ட அளவுகோல் ஒன்றே. ஓடும்போது நாம் மறந்துபோகும் பொருள் நல்ல பொருள். ஓடும்போதும் தன்னையே நினைக்கச் செய்யும் பொருள் சுமை. இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது காலணி. "சாமி, அந்த எத்தியோப்பியாக்காரர் வெறுங்காலோட ஓடித்தானே தங்கம் வாங்குனாரு?" என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. உண்மைதான். 1960-ஆம் ஆண்டு ரோமை நகர ஒலிம்பிக் போட்டியில் அபேபே பிக்கிலா 42.195 கிலோமீட்டர் மாரத்தானை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடிகளில் ஓடி வென்றார். ஆனால் அவர் காலணியை வெறுத்தவர் அல்லர். அன்று கிடைத்த காலணி அவர் காலுக்கு ஒத்துவரவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடிகளில் மீண்டும் வென்றார். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஆறே வாரம் ஆகியிருந்த நிலையில் நிகழ்ந்தது அவ்வெற்றி. ஒத்துவராத காலணியைவிட வெறுங்கால் மேல். வெறுங்காலைவிட ஒத்துவரும் காலணி மேல் என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம் என்பேன். அன்றியும், நெடுநாள் சர்க்கரை நோயுடையோர்க்குப் பாதத்தில் உணர்வு குன்றுவதுண்டு. முள் தைத்தாலும் தெரியாது. அத்தகையோர் வெறுங்காலோடு ஓடவே கூடாது. ஓடி வந்தபின் உள்ளங்காலை உற்றுப்பார்ப்பதும் அவர்கட்கு இன்றியமையாதது.

சாதாரண மக்கள் உடல்நலத்திற்காக மெல்லோடும் வழக்கம் பரவிய வரலாறே சுவையானது. நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த ஆர்தர் லிடியார்டு என்பவர், வீரர்களைப் பயிற்றுவித்ததோடு நில்லாமல், இருதய நோய் கண்ட முதியவர்களையும் மெல்ல ஓடப் பழக்கினார். 1962-இல் அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே சென்று அவர்களோடு ஓடினார். அப்போது அவருக்கு வயது 51. தம்மினும் மூத்த, இருதய நோய் கண்ட ஒருவருக்கு ஈடுகொடுத்து ஓட அவரால் இயலவில்லை! நாடு திரும்பிய பவர்மன் ஆரிகன் மாநிலத்தில் ஊர்மக்களை ஓடச் செய்தார். 1967-இல் இது பற்றி நூலொன்றும் எழுதி வெளியிட்டார். பின்னர் 1971-இல், வாஃபிள் என்னும் கட்டமிட்ட பலகாரம் சுடும் வீட்டு இரும்பு அச்சில் ரப்பரை ஊற்றிப் புதுவகை அடித்தோல் செய்து பார்த்தவரும் இவரே. நைக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் இவர்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் தாக்குகிறது. எடை 70 கிலோ என்றால் ஏறத்தாழ 140 முதல் 210 கிலோ! இதைத் தாங்கும் காலணியை எங்ஙனம் தெரிந்தெடுப்பது? பாதத்தின் வளைவை அளந்து, குதிகாலின் சாய்வை அளந்து எனப் பல முறைகளைக் கடைக்காரர் கூறுவர். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில், அணிந்தவருக்கு எது சுகமாக இருக்கிறதோ அதையே தேர்ந்துகொள்ளலாம் என்று முன்மொழிந்தனர். பாட்டிமார் சொல்லக்கூடிய அறிவுரைதான். ஆனால் பல்லாண்டு ஆய்வுக்குப் பின் சொல்லப்பட்டது. மாலை நேரத்தில் கடைக்குச் செல்லுங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்குள்ளேயே நான்கு தடவை ஓடிப் பாருங்கள். காலணி அணிந்திருப்பதே மறந்துபோனால், அதுவே உங்களுடையது.

ஒரு சிறு கணக்கும் சொல்லவேண்டும். ஓட்டக் காலணியின் மெத்தை 500 முதல் 800 கிலோமீட்டர்வரை உழைக்கும் என்பது பொதுக் கணிப்பு. நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர், வாரத்தில் 6 நாள் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் ஆகும். ஆக, ஆண்டிற்கு இரண்டு சோடி தேவை. ஒரு சோடியைப் பெருவிலைக்கு வாங்கி மூன்றாண்டு இழுப்பதைக் காட்டிலும், நடுத்தர விலையில் வாங்கி உரிய காலத்தில் மாற்றுவது காலுக்கும் நல்லது, கைக்கும் நல்லது. மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். உலகெங்கும் விற்கப்படும் விளையாட்டுக் காலணிகளுள் ஒரு பகுதி, நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றை அடுத்த தொழிற்பேட்டையில், சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கானோரின் கைகளால் உருவாகிறது. தேயும்வரை அணிவதும், தேவைக்கு மேல் வாங்காதிருப்பதும் அவ்வுழைப்பிற்கு நாம் செலுத்தும் மரியாதையே.

உடையைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. பருத்திப் பனியன் அதை உறிஞ்சி ஈரச் சாக்குப்போல் தொங்கும். உரசிய இடம் எரியும். மெல்லிய பாலியெஸ்டர் சட்டை விரைவில் உலரும். காலுறைக்கும் இதுவே விதி. கொப்புளங்கள் பெரும்பாலும் ஈரப் பருத்தியால் வருவன. பெண்கள் ஓடுவதற்கேற்ற உள்ளாடை 1977 வரை கடைகளில் இல்லை என்பதை நம்புவீர்களா? அவ்வாண்டில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்னும் மூன்று பெண்கள், ஆண் வீரர்கள் அணியும் இடைக்கச்சைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து அதற்கு முதல் வடிவம் தந்தனர். 1979-இல் காப்புரிமையும் பெற்றனர். கூச்சத்தாலும் வலியாலும் ஓடாதிருந்த பெண்கள் எத்தனையோ பேரை அந்தச் சிறு துணி வீதிக்குக் கொணர்ந்தது. நம் தாய்மாரும் சகோதரிகளும் இதைக் கேட்டு வாங்குவதில் நாணத்திற்கு இடமேதுமில்லை.

விடியுமுன் ஓடுவோர்க்கு ஒளி வேண்டும். ஊர்தியின் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் பட்டை தைத்த மேற்சட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கட்டடத் தொழிலாளர் அணிவதே போதும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், நாம் சாலையின் வலப்பக்கமாக, எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தவாறு ஓடவேண்டும். தெருநாய்களுக்கு எந்த வெளிநாட்டுக் கருவியும் என் கைத்தடிக்கு ஈடாகவில்லை. அதை ஓங்கியதும் இல்லை. நாய்களுக்கு அது தெரிந்திருந்தால் போதும். தண்ணீரைத் தாகத்திற்கேற்பக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடிப்பதிலும் கேடுண்டு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச்சத்து குறைந்திருந்தது. மிகுதியாகக் குடித்தமையே அதற்குப் பெருங்காரணம். ஓடிவந்தபின் உப்பிட்ட நீர்மோர் ஒரு குவளை நமக்கு நன்று. சர்க்கரைக்கு மருந்து உட்கொள்வோர் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்திருப்பது நலம். திடீரெனச் சர்க்கரை இறங்கினால் அதுவே காக்கும்.

இனிக் கைக்கடிகாரம். 1965-இல் ஜப்பானில் "மான்போ-கெய்" என்ற அடியெண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அப்பெயரின் பொருள் "பத்தாயிரம் அடி மானி" என்பதாகும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் புகழ்பெற்ற கட்டளை மருத்துவரிடமிருந்து வரவில்லை. இவ்விற்பனைப் பெயரிலிருந்தே வந்தது! முதிய பெண்கள் 16,741 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. 7,500 அடிக்குமேல் கூடுதல் நன்மை தென்படவில்லை. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லா இருதயத் துடிப்புமானியைக் கொணர்ந்தது. 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட, 2003-இல் கார்மின் நிறுவனத்தின் ஓட்டக் கடிகாரம் வந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்கள், நம் ஊர் ஏரிக்கரையில் மூச்சிரைக்க ஓடும் ஒரு மனிதனின் தூரத்தை அளந்து சொல்வது வியப்பன்றோ! கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உட்கொள்ளும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் மிகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. அவ்வேற்றத்தாழ்வை எண்ணியே துடிப்பைச் சொல்கிறது. வார் தளர்ந்திருந்தால் கணக்கும் பிழைபடும்.

கடிகாரத்தால் பயனுண்டு. தொடக்கத்தில் வேகமாக ஓடி மூன்றாம் நாளே படுத்துக்கொள்வோரை அது கட்டுப்படுத்தும். ஆனால் ஏவலாளாக வந்தது எசமானாகிவிடுவதும் உண்டு. எங்கள் பங்கில் நன்றாக ஓடக்கூடிய இளைஞன் ஒருவன் ஒருநாள் வரவில்லை. மாலையில் அவன் தந்தையைக் கண்டு வினவினேன். "உடம்பு இன்னும் தேறலைன்னு கடிகாரம் சொல்லுச்சாம், சாமி. அப்புறம் ஆறு தோசை சாப்பிட்டான்" என்றார். தன் உடல் தனக்குச் சொல்லும் செய்தியைக் கேட்கும் பழக்கத்தை அப்பிள்ளை இழந்து வருகிறானே என்பதுதான் என் வருத்தம். மிதமாக ஓடுகிறோமா என்றறிய, ஓடிக்கொண்டே பேச முடிகிறதா என்று பார்த்தால் போதுமென மருத்துவர் கூறுவர். என் முறை இது: ஓர் "அருள் நிறைந்த மரியே" செபத்தை மூச்சுத் திணறாமல் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் வேகம் சரி, பாதியில் நின்றால் வேகம் மிகுதி. இதற்கு மின்னேற்றம் வேண்டுவதில்லை.

இசை கேட்டுக்கொண்டே ஓடுவது 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தபின் பரவிய பழக்கம். களைப்பை மறக்க அது உதவும். எனினும் சாலையில் ஒரு காதாவது திறந்திருக்கட்டும். வண்டியின் ஒலிப்பானை மறக்கச் செய்யும் இன்பம் நமக்கு வேண்டாம். கரித்தகடு பதித்த பெருவிலைக் காலணிகளும் நமக்கு வேண்டியவை அல்ல. 2019-இல் வியன்னா நகரில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடிகளில் ஓடியபோது அணிந்தது அவ்வகையே. அடித்தோல் 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, தகடு ஒன்றே இருக்கலாம் என்று உலகத் தடகள அமைப்பு 2020-இல் விதி செய்யவேண்டி வந்தது. விநாடிகளுக்காக ஓடுவோர்க்கு அவை. ஆயுளுக்காக ஓடுவோர்க்கு அல்ல.

ஆகவே, வாங்கும் வரிசை இதுவாகட்டும்: முதலில் காலணியும் காலுறையும், அடுத்து விரைவில் உலரும் உடை, பின்பு ஒளிப்பட்டை, இவற்றோடு ஒரு மாதம் ஓடிய பின்னரும் விருப்பமிருந்தால் கடிகாரம்.

இறுதியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. பல வீடுகளில் நான் காண்பது யாதெனில், பிள்ளையின் மணிக்கட்டில் பல ஆயிரம் ரூபாய்க் கடிகாரம் இருக்கிறது; சர்க்கரை நோயுடைய தாயோ தேய்ந்த ஹவாய்ச் செருப்போடு ஏரிக்கரையில் நடக்கிறார். அவரிடம் கேட்டால் "எனக்கு எதுக்கு சாமி, இது போதும்" என்பார். அந்தப் "போதும்" என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். அடுத்த சம்பளத்தில், மாலை வேளையில், அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டைவிரல் அகலம் இடம் விட்டுப் பாருங்கள். கடைக்குள்ளே நான்கு தடவை நடக்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே நடப்பார்.