எஞ்சியிருப்பவர்



ஆனைமலை மதரஸாவில் நாம் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய காலம் முதல் நம்மோடு பழகிவரும் நண்பர் ஒருவர் உண்டு. கொப்பரைக் களம் வைத்திருப்பவர். இரு குடும்பமும் சேர்ந்து உம்ரா செல்ல வேண்டும் என்பது எங்களின் நெடுநாள் நிய்யத். தனித்தனியே சேர்த்தால் வீட்டுச் செலவு விழுங்கிவிடுகிறது. ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஒரே கணக்கில் போட்டுவந்தால், எடுக்க நினைக்கும்போது மற்றவர் முகம் நினைவுக்கு வரும் என்றார் நண்பர். அதற்காகவே ஒரு வங்கிக் கிளைக்குச் சென்றோம்.

"உங்களுக்குள்ள என்ன உறவுங்க?" என்று அலுவலர் கேட்டார். நண்பர்கள் என்றோம். "புருசன் பொண்டாட்டி, அப்பா மகன்னா பரவால்லீங்க. சிநேகிதங்கன்னா பின்னாடி வம்பு வருமுங்க" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். உறவினர் அல்லாத இருவர் கூட்டுக் கணக்குத் தொடங்க விதியில் தடை இல்லை. அதை மேலாளர் வரை சென்றுதான் உறுதிசெய்துகொள்ள நேர்ந்தது.

அடுத்த தடை பெயர். நமது ஆதாரில் தகப்பனார் பெயர் ஓர் எழுத்தாக நிற்கிறது. பான் அட்டையில் முழுதாக விரிந்திருக்கிறது. நண்பருக்கோ, 'முஹம்மது' என்பது இரண்டு அட்டைகளிலும் இரண்டு விதமான ஆங்கில எழுத்துக்களில். நம் சமுதாயத்தில் அத்தாவுக்கு ஒரு விதமும் மகனுக்கு வேறொரு விதமுமாக அந்த முபாரக்கான பெயர் எத்தனை எழுத்துக்கூட்டல்களில் அலைகிறது! பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் அன்றே பெற்றோர் இதைக் கவனித்தால் நலம்.

மூன்றாம் முறை சென்றபோதுதான் உண்மையான சிக்கல் எதிர்ப்பட்டது. கணக்கை இயக்கும் முறை என்ற கட்டத்தில், இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது ஒன்று. இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர் என்பது மற்றொன்று. "ஹஜ்ரத், நான் களத்துல இருப்பேன், நீங்க வகுப்புல இருப்பீங்க. ரெண்டாவதுதான் சுலபம்" என்றார் நண்பர். பேனா நம் கையில் நின்றுவிட்டது.

எஞ்சியிருப்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். ஆனால் அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. இறந்தவரின் பங்கை வாரிசுகளுக்காக வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே. வாரிசு நியமனம் என்று நாம் எழுதித்தரும் நாமினியும் அத்தகையவரே. 2010ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. ஃபிக்ஹில் நாம் கற்பிக்கும் ஷிர்கத்துல் மில்க் பாடமும் இதுதான்: ஒருவரின் பங்கில் மற்றவர், அனுமதியின்றிக் கைவைக்க முடியாத அந்நியர். அன்றிரவு நண்பரின் குடும்பத்தை வைத்து மீராஸ் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவருக்கு மனைவி, மூன்று மகள்கள், தாயார், ஒரு தம்பி. 24 பங்குகளில் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாயாருக்கு 4, மீதமுள்ள 1 தம்பிக்கு. எஞ்சியிருக்கும் நண்பன் என்ற பெயர் அந்தத் தாளில் எங்கும் வரவில்லை.

எழுதி வைத்துக்கொள்வோம் என்று சொல்ல நமக்கு இரண்டு நாள் வாய் வரவில்லை. குர்ஆனிலேயே நீளமான வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் பணிக்கும் பகராவின் 282ஆம் வசனம். தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும் அதிலேயே வருகிறது. அதை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியவர்கள் நாம். சொந்த நண்பரிடம் வந்தபோது அது அவநம்பிக்கையாகத் தோன்றியது, வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் சொன்னோம். "என்னை நம்பலீங்களா?" என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டுப் போனார். அந்த வார ஜுமுஆவில் நமக்குப் பின்னால் எங்கோ தொழுதுவிட்டு, ஸலாம் சொல்லாமலே சென்றார். நாம் அவரிடம் கொடுத்திருந்த மீராஸ் தாள் மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. வீட்டில் அதைத் தாயாருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். "நாலு பங்கு எனக்கா? அப்போ இதை எழுதித்தான் வைடா" என்று சிரித்தாராம்.

செவ்வாயன்று அஸருக்குப் பின் நண்பர் வந்தார். யார் எவ்வளவு போட்டோம் என்பதற்குத் தனிப் பேரேடு. ஜகாத் அவரவர் பங்குக்கு அவரவர். கணக்கில் ஏறும் வட்டியைப் பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது. ஒருவர் மௌத்தானால் அவர் பாதி அவர் வாரிசுகளுக்கே. மஹல்லாவைச் சேர்ந்த இருவர் சாட்சிக் கையெழுத்திட்டனர். ஒரு பிரதி நண்பரின் வீட்டில், மற்றொன்று மதரஸா அலமாரியில்.

பாஸ்புத்தகம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நண்பர் பெயரில் ஓர் எழுத்து இன்னும் பிழையாகவே அச்சாகியிருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் போக வேண்டும்.