வெந்நீர் ஊருணி

நுழையும்முன்

ஊர்மக்கள் அனைவரும் உண்ணும் நீரைத் தாங்கி நிற்பதால் குளத்திற்கு ஊருணி என்று பெயர் வந்தது. ஜப்பானில் கினோசாக்கி என்னும் சிற்றூருக்கும் ஓர் ஊருணி உண்டு. அது மண்ணுக்கடியிலிருந்து பொங்கிவரும் வெந்நீர். அவ்வெந்நீரைத் தேடிவரும் விருந்தினர், மரபுவழி விடுதியொன்றில் ஓரிரவு தங்கிப் பெறும் பட்டறிவையும், அந்நீரைப் பொதுவில் வைத்துக் காக்க அவ்வூர் கடந்துவந்த சோதனைகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வெந்நீர் சுரக்கும் நிலம்

ஜப்பான், எரிமலைகளும் நிலநடுக்கங்களும் மிகுந்த தீவு நாடு. நிலத்தினுள் ஆழமாக இறங்கும் மழைநீரும் பனிநீரும் அங்குள்ள வெப்பத்தால் சூடேறுகின்றன; பாறைகளிலுள்ள கனிமங்களைக் கரைத்துக்கொண்டு பிளவுகளின் வழியே மேலெழுகின்றன. இவ்வாறு பொங்கும் வெந்நீர் ஊற்றையும் அதனைச் சூழ்ந்த குளியல் ஊரையும் ஜப்பானியர் ‘ஒன்சென்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றனர். நாடு முழுவதும் ஏறத்தாழ 27,000 ஊற்றுகள் உள்ளன. எது ஒன்சென் என்பதை 1948ஆம் ஆண்டின் வெந்நீரூற்றுச் சட்டம் வரையறுக்கிறது. ஊற்றுவாயில் நீரின் வெப்பம் 25 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அல்லது சட்டம் சுட்டும் 19 வகைகளுள் ஒன்றேனும் உரிய அளவில் நீரில் கலந்திருத்தல் வேண்டும்.

ஊற்றுகளின் அருகே எழுந்த மரபுவழி விடுதிகள் ‘ரியோகான்’ எனப்படுகின்றன. யமனாஷி மாகாணத்தின் மலைப்பகுதியில் இருக்கும் கெயுன்கான் என்னும் விடுதி கி.பி. 705இல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. உலகின் மிகப் பழைமையான விடுதி எனக் கின்னஸ் நிறுவனம் அதனை ஏற்றுள்ளது. அரசுகள் மாறின, தலைநகரங்கள் மாறின, வெந்நீரை நாடிவரும் மக்களின் வரவு மட்டும் நிற்கவில்லை.

கினோசாக்கியின் கதையும் அத்தகைய தொன்மையுடையது. ஹியோகோ மாகாணத்தின் வடக்கே, ஜப்பான் கடலுக்கு அருகில் அமைந்த இவ்வூர், இன்று தொயோகா நகரத்தின் ஒரு பகுதி. காயமுற்ற நாரை ஒன்று நீரில் கால் நனைத்து நலம்பெற்றதைக் கண்டு மக்கள் ஊற்றை அறிந்தனர் என்பது ஒரு கதை. எட்டாம் நூற்றாண்டில் தோச்சி என்னும் துறவி மக்களின் பிணி தீர ஆயிரம் நாள் வழிபட, நிலம் பிளந்து வெந்நீர் பொங்கியது என்பது மற்றொரு கதை. இரு கதைகளிலும் நீர் வந்தது நோயுற்றோருக்காகவே. அது தனியொருவருக்குக் கிடைத்த புதையல் என்று எக்கதையும் கூறவில்லை.

வாயிலும் அறையும்

ரியோகானில் கட்டணம் பெரும்பாலும் அறைக்கு இவ்வளவு என்றன்றி ஆளுக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படும். இரவு உணவும் மறுநாள் காலை உணவும் அதனுள் அடங்கும். பிற்பகலில் வந்துசேரும் விருந்தினர் வாயிற்படியிலேயே காலணியைக் களைகிறார். மறுநாள் அவர் புறப்படும்போது அக்காலணிகள் வெளிப்புறம் நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். கேட்காமலே செய்யப்படும் இத்தகைய சிறு பணிகள்தாம் ஜப்பானிய விருந்தோம்பலின் இலக்கணம்.

நடைகூடத்திற்கு மென்காலணி தரப்படுகிறது. அறையின் தரைப்பாயை மிதிக்கும்முன் அதனையும் களைதல் வேண்டும். ‘தத்தாமி’ எனப்படும் அப்பாய், வைக்கோலை இறுக்கி அமைத்த அடித்தளத்தின்மேல் கோரை நெசவைப் போர்த்திச் செய்யப்படுவது. புதிய பாயின் கோரை மணம் அறையெங்கும் நிறைந்திருக்கும். அறையில் கட்டில் இல்லை. உயரம் குறைந்த ஒரு மேசையும் அமர்வதற்குத் திண்டுகளும் உள்ளன. சுவரோரத்து மாடத்தில் ஓர் ஓவியச்சுருள் தொங்குகிறது. அதன் கீழ் அந்தப் பருவத்தின் மலர் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பணிப்பெண் மண்டியிட்டு அமர்ந்து, பசுந்தேநீரும் ஓர் இனிப்பும் படைக்கிறார். விடுதியின் பொறுப்பு முழுவதையும் ஏற்று நடத்தும் தலைவிக்கு ‘ஒகாமி’ என்று பெயர்.

மாலையில் உண்ணும் கூடமாகும் அதே அறை, இரவில் உறங்கும் அறையாக மாறுகிறது. உணவு, பருவத்திற்கேற்பச் சிறு சிறு கலங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை என்றால், ஜப்பான் கடலில் பிடிக்கப்படும் மத்சுபா நண்டே விருந்தின் தலைமை உணவு. உண்டு முடித்தபின் மேசை ஒதுக்கப்பட்டு, பாயின்மேல் மெத்தை விரிக்கப்படுகிறது. ஓர் இடத்தையே பலவாறு பயன்கொள்ளும் சிக்கனம் அவ்வறையில் புலப்படுகிறது.

குளியலின் ஒழுங்கு

விருந்தினருக்கு ‘யுகாத்தா’ என்னும் பருத்தி மேலங்கியை விடுதி வழங்குகிறது. அதன் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் வருமாறு உடுத்துதல் வேண்டும். மாற்றி உடுத்துவது இறந்தோருக்குரிய முறை என்பதால், பிழையாக உடுத்திய விருந்தினரைக் கண்டால் பணியாளர் மெல்லத் திருத்திவிடுவர்.

குளியலறைகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உள்ளன. அங்கே ஆடை அனைத்தையும் களைந்தே நீரில் இறங்க வேண்டும். புதியவருக்கு இது கூச்சம் தரலாம். எனினும் ஆடையோடு பதவியும் செல்வமும் வெளியறையின் கூடையிலேயே தங்கிவிடுகின்றன. நிறுவனத்தின் தலைவரும் மீன் விற்பவரும் ஒரே தொட்டியில் கழுத்தளவு நீரில் அமர்ந்திருக்கும்போது, இவர் இன்னார் என்று பிரித்தறிவது அரிது.

தொட்டியில் இறங்குவதற்கு முன்னர் ஒரு கடமை உண்டு. சுவரோரம் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, சோப்பிட்டு, உடலை முழுவதும் தேய்த்துக் கழுவ வேண்டும். நுரை சிறிதும் எஞ்சாதவாறு நீரூற்ற வேண்டும். அதன்பின்னரே, 40 பாகையும் அதற்குச் சற்று மேலும் வெப்பமுடைய நீரில் மெல்லக் காலை வைக்கலாம். தலையில் மடித்து வைத்த சிறு துண்டைத் தொட்டி நீரில் நனைத்தல் ஆகாது. நீந்துதலும் நீரை வாரி இறைத்தலும் கூடா.

இவ்விதிகள் அனைத்தும் ஒன்றையே வலியுறுத்துகின்றன: இந்நீரில் அடுத்து ஒருவர் இறங்குவார். அழுக்கைப் போக்கிக்கொள்ள வருபவர், அதனை வெளியிலேயே போக்கிவிட்டு வர வேண்டும். இதனைக் கண்காணிக்கத் தனியே காவலர் எவரும் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்வதனால் அனைவருக்கும் நீர் தூயதாகிறது.

ஊரே ஒரு விடுதி

கினோசாக்கியில் குளியல் விடுதிக்குள் முடிந்துவிடுவதில்லை. அங்கு ‘சோத்தோயு’ எனப்படும் பொதுக் குளியல் இல்லங்கள் ஏழு உள்ளன. சோத்தோயு என்பதற்கு வெளிக்குளியல் என்பது பொருள். எந்த விடுதியில் தங்கியவராயினும், அவ்விடுதி தரும் சீட்டைக் காட்டி இவற்றில் குளிக்கலாம். மாலை நேரத்தில் ஓத்தானி ஆற்றின் இருகரையிலும் காலாற நடக்கும் கூட்டத்தைக் காணலாம். காற்றில் அசையும் வில்லோ மரக்கிளைகளின் கீழ், வளைந்த கற்பாலங்களின் மேல், ‘கெத்தா’ என்னும் மரச்செருப்புகள் எழுப்பும் ஓசை ஊரெங்கும் கேட்கிறது. ஒவ்வொரு விடுதியின் யுகாத்தாவும் தனித்த வடிவம் உடையது. இருப்பினும் எல்லா விடுதியினரும் ஒரே நீரில் கூடுகின்றனர்.

இரயில் நிலையம் வாயில், தெருக்கள் நடைகூடங்கள், விடுதிகள் அறைகள், பொதுக் குளியல் இல்லங்களே குளியலறைகள். ஊர் முழுவதும் ஒரே விடுதி என்று இவ்வூரார் கூறுவர்.

முற்காலத்தில் மக்கள் இங்கு இன்பச் சுற்றுலாவாக வந்தவர் அல்லர். நோயுற்றோரும் உழைத்துக் களைத்தோரும் நாள்கணக்கில் தங்கி, நாள்தோறும் நீராடி உடல்நலம் தேடினர். சிகா நவோயா என்னும் எழுத்தாளர் அவர்களுள் ஒருவர். 1913இல் தோக்கியோவில் இரயில் மோதிக் காயமுற்ற அவர், உடல் தேற இவ்வூர் விடுதியொன்றில் வந்து தங்கினார். அப்பட்டறிவைக் கொண்டு அவர் எழுதிய ‘கினோசாக்கியில்’ என்னும் சிறுகதை 1917இல் வெளிவந்தது. விடுதிக் கூரையில் இறந்துகிடந்த தேனீ, ஆற்றில் உயிருக்குப் போராடிய எலி என எளிய உயிர்களைக் கண்டு, சாவுக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தொலைவை அக்கதை எண்ணிப்பார்க்கிறது. இத்தகையோருக்கு வெந்நீர் ஆடம்பரம் அன்று, மருந்து. அம்மருந்து யாருக்கு உரியது என்னும் வினா விரைவில் எழுந்தது.

நிலநடுக்கமும் வழக்கும்

1925ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நண்பகலை நெருங்கும் வேளையில் நிலம் நடுங்கியது. வீடுகள் சரிந்தன, தீ மூண்டு பரவியது. மர வீடுகளால் அமைந்த ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. உயிரிழந்தோர் பலர். வெந்நீரைத் தந்த மண்ணே அனைத்தையும் பறித்துக்கொண்டது. எஞ்சியவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆற்றையும் தெருக்களையும் சீர்செய்து, கரைகளைக் கருங்கல்லால் கட்டி, மரத்தாலான விடுதிகளையே மீண்டும் எழுப்பினர். இன்று விருந்தினர் கண்டு மகிழும் தெருக்கள், அப்பேரிடருக்குப்பின் உருவானவையே.

மீண்டெழும் வேளையில் மற்றொரு சோதனை வந்தது. அதுவரை இவ்வூர் விடுதிகளில் தனிக் குளியல் தொட்டிகள் இல்லை. அனைவரும் பொதுக் குளியல் இல்லங்களுக்கே சென்றனர். 1927இல் விடுதியொன்று தனக்குள்ளேயே வெந்நீர்க் குளியலறை அமைத்தது. அவ்விருப்பத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முதியோரும் நடக்க இயலாதோரும் கொட்டும் பனியில் தெருவில் இறங்காமல் நீராட அது வழிசெய்யும். ஆயினும் ஊரார் அஞ்சினர். ஊற்றுகள் சில, சுரக்கும் நீர் அளவுடையது. ஒவ்வொரு விடுதியும் தனக்கென நீரை இழுத்தால் பொதுத் தொட்டிகள் வற்றிவிடாவா? விருந்தினர் வெளியே வராவிட்டால் தெருவோரச் சிறு கடைகள் எவ்வாறு பிழைக்கும்? ஒருவர் நிலத்தடியில் கிடைக்கும் வெந்நீர் அவருக்கே உரியதா, ஊருக்கு உரியதா?

வழக்கு நீதிமன்றம் சென்றது; ஊர் பிளவுபட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த அப்பிணக்கு, போர்க்காலத்தையும் கடந்து 1950இல் உடன்பாட்டில் முடிந்தது. விடுதிகள் தம்முள் குளியலறை வைத்துக்கொள்ளலாம். ஆனால், அதன் அளவுக்கு வரம்பு உண்டு. பொதுக் குளியல் இல்லங்களே ஊரின் முதன்மை என்பது நிலைபெற்றது. பின்னர், ஊற்றுகளின் நீரை ஓரிடத்தில் சேர்த்து அனைவருக்கும் பகிர்ந்தளிக்கும் முறையும் வந்தது. ஒரு தரப்பு முற்றும் வென்றிருந்தால், வற்றிய பொதுத் தொட்டிகளோ பனியில் நடுங்கும் முதியோரோ எஞ்சியிருப்பர். இருதரப்பும் சிறிது விட்டுக்கொடுத்ததால் நீர் பொதுவாக நின்றது.

இன்று விடுதியின் உட்குளியலறை சிறியதாக இருப்பதைக் கண்டு விருந்தினர் வியக்கக்கூடும். அச்சிறுமை இடமின்மையால் மட்டும் நேர்ந்தது அன்று. தன் வளர்ச்சிக்கு வரம்பு கட்டிக்கொள்ள ஓர் ஊர் இசைந்ததன் அடையாளம் அது.

விடைபெறுதல்

பொதுக் குளியல் இல்லங்கள் சில, காலை 7 மணிக்கே திறக்கின்றன. முதலாவதாக நுழைபவருக்கு நினைவுப்பொருளாக ஒரு மரவில்லை தரப்படுவதால், விடியலிலேயே வாயிலில் காத்திருப்போரும் உண்டு. நீராடித் திரும்பும் விருந்தினருக்குச் சோறு, சுட்ட மீன், மிசோ சாறு, ஊறுகாய் எனக் காலை உணவு அணியமாக இருக்கிறது. கட்டணத்திற்கு மேல் அன்பளிப்புப் பணம் எதையும் பணியாளர் எதிர்பார்ப்பதில்லை. ஒகாமியும் பணியாளரும் வாயிலுக்கு வந்து தலைதாழ்த்தி வணங்குகின்றனர். விருந்தினர் தெருமுனையில் மறையும்வரை அங்கேயே நிற்கின்றனர்.

அன்று பிற்பகலே அவ்வறைக்கு வேறொருவர் வந்துசேர்வார். யுகாத்தா உடுத்தி, மரச்செருப்பு ஒலிக்க நடந்து, அதே பொதுத் தொட்டியை அவரும் அடைவார். தமக்குமுன் இறங்கியவர் உடலைக் கழுவிவிட்டு இறங்கினாரா என்று அவர் யாரையும் வினவுவதில்லை. கழுவியிருப்பார் என நம்பியே நீரில் காலை வைக்கிறார்.