ஜிப்பில் மாட்டிய தோல்

உடுப்பால் சிறுவர்களுக்கு வரும் காயங்களில், ஜிப்பில் முன்தோல் மாட்டிக்கொள்வது அடிக்கடி நேர்வது. ஜட்டி போடாமல் அவசரமாக ஜிப்பை இழுக்கும் சின்னப் பையன்களே பெரும்பாலும் சிக்குகிறார்கள். தோல் பற்களுக்கிடையில் மாட்டினால் எளிது. ஏறி இறங்கும் ரன்னருக்குள் போய்விட்டால்தான் பாடு. வீட்டில் ரன்னரை ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தால் வீக்கம் கூடிப் பிடி இறுகியிருக்கும்.

முதல் வேலை வலியைத் தணிப்பது. காயமில்லாத தோலில் லிக்னோகெய்ன், பிரைலோகெய்ன் கலந்த க்ரீமைத் தடவி மூடிவைத்தால் மரத்துப்போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். முன்தோல் மெல்லியது, அங்கே சீக்கிரம் பிடிக்கும். அதே காரணத்தால் மருந்து இரத்தத்திலும் சீக்கிரம் சேரும். ஆகவே எடை பார்த்தே அளவு. லிக்னோகெய்னைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது நல்லது. 2 சதவீத லிக்னோகெய்ன் ஜெல்லியின் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது. 15 கிலோப் பையனுக்கு இரண்டே கால் மில்லிதான் எல்லை. கைக்குழந்தைகளுக்குப் பிரைலோகெய்ன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும். ரன்னருக்கு அடியில் நசுங்கிய இடத்துக்கு மருந்து எட்டாது. மாட்டிய இடத்தில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தும் பையன் துடித்தால் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியோ மயக்க மருந்தோ கொடுக்கலாம். நாலு பேர் அமுக்கிப் பிடிப்பது சிகிச்சை ஆகாது.

அடுத்தது வெட்டு, ஜிப்பில், தோலில் அல்ல. ரன்னரின் முன்தகட்டையும் பின்தகட்டையும் சேர்ப்பது நடுவிலுள்ள சிறு பாலம் ஒன்றே. கம்பி வெட்டும் கட்டரால் அதை நறுக்கினால் தகடுகள் இரண்டும் கழன்றுவிடும். பற்களில் மட்டும் மாட்டியிருந்தால் ரன்னருக்குக் கீழே ஜிப் நாடாவைக் குறுக்கே கத்தரித்தால் போதும், பற்கள் தாமே பிரியும். சேவூர் போன்ற பின்னலாடை ஊர்களில் பனியன் கம்பெனியில் ஜிப் தைக்கும் பெற்றோருக்கு இந்த அமைப்பு மருத்துவரைவிட நன்றாகத் தெரியும். அவர்களையே கேட்டுச் செய்வதில் குறைவொன்றுமில்லை.

விடுவித்தபின் காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசிக் கணக்கைச் சரிபார்த்து, சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று பார்த்து அனுப்பலாம்.

பின்னலாடை ஊரில் இன்னொன்றும் நினைவிலிருக்க வேண்டும்: சாக்ஸ், கையுறையின் உட்புறம் வெட்டாமல் விட்ட பிசிறு. அது கைக்குழந்தையின் விரலைச் சுற்றி இறுகும். காரணம் தெரியாமல் வீறிடும் குழந்தையின் சாக்ஸையும் கையுறையையும் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பார்க்க வேண்டும். சுற்றியிருப்பது முடி என்றால் முடி நீக்கும் க்ரீம் கரைக்கும். பருத்தி நூலை அது தொடாது. நூலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இங்கே மேற்பூச்சு போதாது, விரலடி நரம்பை மரக்கச் செய்தே கை வைக்க வேண்டும்.