மிதிவண்டியும் பேருந்தும்

பொதுப்பணத்தை மிதிவண்டித் தடத்திற்கு ஈவதோ, பேருந்திற்கு ஈவதோ எனும் வாதம் நகரத்தார்க்கே உரியதென்பர் சிலர். ஏழாயிரம்பண்ணையிற் பிறந்த யான் அதற்கு உடன்படேன்.

2021 முதல் நம் மாநிலத்துச் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். தீப்பெட்டித் தொழிலிற் கைகாய்த்த எம்மூர் அன்னையர்க்கு அங்ஙனம் மிஞ்சுங் காசு உப்புக்கும் புளிக்கும் ஆகின்றது. ஆயினும், நேரத்தில் வாராத பேருந்து கட்டணமின்றி ஓடினும் பயன் யாது?

பதினோராம் வகுப்பில் அரசு ஈந்த மிதிவண்டி என் தங்கையிடம் உண்டு; லாரிகள் விரையுஞ் சாலையில் அதனைச் செலுத்த அன்னை இசையாள். சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் ஒரு கொள்கை வகுத்தது. அந்நோக்கம் சிற்றூர்ச் சாலைக்கும் வேண்டுமன்றோ?

முதியோரும் பிணியுற்றோரும் மிதித்துச் செல்ல இயலாராதலின், முதற்பணம் பேருந்திற்கே உரியது. அதன் நிறுத்தம்வரை சாலையோரத்தே சிறு தடமும் அமைப்பின், தங்கையின் வண்டி திண்ணையை விட்டிறங்கும். அன்னையின் அச்சமும் தீரும்.