தென்னை நிழலில் கனகாம்பரம்

வீட்டுத் தோட்டத்தில் வெயில் குறைவாக விழும் மூலையில் என்ன பூ வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாய்மண். வெயிலிலும் வளரும்தான். ஆனால் உச்சி வெயில் நேராக அடிக்கும் இடத்தில் இலை மஞ்சளாகி, பூவும் வெளிறிப்போகும். கனகாம்பர வளர்ப்பைத் தொழிலாகச் செய்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிலக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போனேன்.

திண்டுக்கல் மாவட்டத்தின் இந்தப் பகுதி மல்லிகைக்குப் பேர்போனது. மல்லிக்குத் திறந்த வெயில் வேண்டும். அதனால் மல்லிக்கு ஒதுக்க முடியாத தோப்பு நிலத்தில் கனகாம்பரத்தை ஊன்றியிருக்கிறார்கள்.

“நெழல்னா எல்லாம் ஒண்ணு கெடையாது தம்பி. ஓடுற நெழல் வேணும். நிக்கிற நெழல்ல எலைதான் மிச்சம்” என்றார் பூப்பறிக்கும் பெண்களில் மூத்தவர். எப்படி அக்கா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மோட்டார் அறைச் சுவரோரம் கூட்டிப்போனார். அங்கே செடிகள் கரும்பச்சையாகத் தழைத்து நின்றன. கதிர்கள் மட்டும் அங்கொன்று இங்கொன்று. சில அடி தள்ளி, மட்டைகளின் இடைவெளியில் வெயில் வந்து வந்து நகரும் பாத்தியில் செடிதோறும் ஆரஞ்சு நிறம்.

தென்னைக்கு ஏழெட்டு வயதிலிருந்து இருபது வயது தாண்டும்வரை நிழல் அடர்ந்து கிடக்கும். அப்போது அடியில் எதையும் பூக்கவைப்பது கடினம். மரம் உயர்ந்த பிறகுதான் சாய்வெயில் உள்ளே நுழைகிறது. இந்தத் தோப்பு அந்த வயதைக் கடந்தது. நிழலை இவ்வளவு கூர்ந்து பார்த்து நடுவதைத்தான் இவர்களிடம் நாம் கற்க வேண்டும்.

பறிப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சைச் செதில்கள் அடுக்கிய கதிரில் பூ அடியிலிருந்து மேலே வரிசையாக மலர்கிறது. மெல்லிய குழல், அதன் நுனியில் ஒரே பக்கமாக விசிறிபோல் விரிந்த இதழ். அக்கா இடக்கையால் கதிரைத் தாங்கிக்கொண்டு, வலக்கையின் இரு விரல்களால் குழலை மட்டும் உருவுகிறார். அவசரப்பட்டுக் கதிரை ஒடித்தால் இனிமேல் மலர வேண்டிய பூவெல்லாம் போச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு.

இங்கே கூலி எடைக் கணக்கு. கனகாம்பரத்துக்கோ எடையே இல்லை. ஒரு கிலோவுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டும். இடுப்பளவு உயரமுள்ள செடிக்குக் காலை முழுக்கக் குனிந்தே நிற்கும் பெண்களுக்கு எடைபோட்டுக் கூலி தருவது நியாயமில்லை. நாள்கூலிதான் இந்த வேலைக்குப் பொருந்தும் என்று அங்கேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

விதை எடுப்பது தனி வித்தை. காய்ந்த கதிர்களைத் துணியில் மூட்டையாகக் கட்டி அக்கா தண்ணீர் தெளித்தார். சற்று நேரத்தில் உள்ளே ‘பட், பட்’ என்று காய்கள் வெடிக்கத் தொடங்கின. ஈரம் பட்டால் விதையைத் தூர எறிவது இச்செடியின் இயல்பு. மழைக்கு முன் கதிரைச் சேர்க்காவிட்டால் விதை மண்ணோடு போய்விடும்.

‘டெல்லி’ ரகத்துக்கு இந்த வேலை இல்லை. அது விதை பிடிப்பதில்லை, தண்டைக் கிள்ளி ஊன்றித்தான் பெருக்க வேண்டும். கன்றுகளைப் பைகளில் வைத்து, வேர் பிடிக்கும்வரை மண் காயாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வாடிய ஒரு செடியைப் பிடுங்கி அக்கா வேரைக் காட்டினார். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது, நூற்புழுவின் வேலை. வெட்டவெளி நிலமாக இருந்தால் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டுப் புழுவைக் குறைக்கலாம். “செண்டுக்கு இந்த நெழல் ஆகாதே தம்பி” என்றார். ஆகவே அந்தப் பாத்தியைக் காலி செய்துவிட்டு, இரண்டு மரவரிசை தள்ளிப் புதுப்பாத்திக்கு மண் கொத்திக்கொண்டிருந்தார்கள்.